கத்திரி வெயிலில் பனிமலைக்குத் தயாரானோம்

காரைக்குடிக்குத் திரும்பி நான்கு நாள்கள் ஆகின்றன. பெருவிரல் நகத்தின் கருப்பு இன்னும் மாறவில்லை, தில்லியில் ஏறிய அந்தப் பேருந்தின் மீதுள்ள கோபமும் தணியவில்லை. ஆனாலும் இமாசலப் பிரதேசத்தில் 4,270 மீட்டர் உயரத்திலிருக்கும் ஹம்ப்டா கணவாயை என் சித்தப்பா மகனோடு நடந்தே கடந்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி இவை எல்லாவற்றையும் மீறி நிற்கிறது. கோடையில் உயர்ந்த மலைக்குப் போக நினைக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் திட்டமிட்ட விதத்தையும் அதில் எது எங்களைக் காப்பாற்றியது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் போட்ட திட்டம் தவறானது. எனக்குக் கிடைக்கும் விடுப்பைக் கணக்கிட்டு 12 நாளில் போய்வந்துவிடலாம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். விடியற்காலைப் பல்லவனில் சென்னை, அன்றிரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி, மூன்றாம் நாள் மாலை மணாலிக்குப் பேருந்து, நான்காம் நாள் காலை இறங்கியதும் நேராக மலையடிவாரம் என்று அது பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. மருத்துவரான என் நண்பர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்துல தூங்கப் போறீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் என் திட்டத்தின் ஆபத்து எனக்கே விளங்கியது.

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லாதது. மணாலி சுமார் 2,050 மீட்டர், இரண்டாம் நாள் கூடாரம் போடும் பாலு கா கேரா சுமார் 3,600 மீட்டர். ஹம்ப்டா உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. உடல்வலிமை உள்ளவனுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; நன்றாக ஓடக்கூடிய இளைஞனுக்கும் மலைநோய் வரும்.

ஆகவே திட்டத்தை 14 நாளாக்கினோம். மணாலியில் ஒரு முழுநாள் ஓய்வு, மலையிலே எங்கு வேண்டுமானாலும் செலவழிக்க ஒரு நாள் கையிருப்பு. கூடுதல் இரண்டு நாளுக்கு விடுப்பு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, செலவும் கூடியது. ஆளுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்திருந்ததால், நடைப்பயணம் முடிந்ததும் வண்டி பிடித்துப் பார்ப்பதாக இருந்த சந்திரதால் ஏரியை மனமில்லாமல் நீக்கினோம். பெரிய குழுவோடு சேர்ந்தால் ஆளுக்கு 9,500 ரூபாய், இருவர் மட்டும் தனி வழிகாட்டியோடு போனால் 14,000 ரூபாய் என்று நடைப்பயணம் நடத்துபவர்கள் சொன்னார்கள். நான் தயங்கிய இடம் அதுதான். ஆனால் இருபது பேர் கொண்ட குழு ஒருவருடைய தலைவலிக்காக ஒரு நாள் காத்திருக்காது என்பதால், தனியாகவே போவது என்று தீர்மானித்தோம். பணத்தை வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து. குளிர்ச்சட்டையை மணாலியில் வாடகைக்கு எடுக்கலாம், ரயிலில் சாதாரணப் படுக்கை வகுப்பே போதும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜூன் மூன்றாம் வாரப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே விழித்திருந்து பதிவு செய்தோம். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதற்கு முன்னால் போனால் கணவாயில் பனி மிகுதி. ஜூலை, ஆகஸ்டில் போனால் பருவமழை.

பயிற்சிக்கு நமக்கு மலை எங்கே என்று கேட்பவர்கள் பிரான்மலையை மறந்துவிடுகிறார்கள். பாரியின் பறம்பு மலை என்று போற்றப்படுகிற, சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம் அது. மே மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருள் பிரியுமுன் வண்டியில் போய், முதுகுப்பையில் எட்டுக் கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு உச்சிவரை ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுவோம். வார நாள்களில் குன்றக்குடிப் படிகள். மதுரையில் வாங்கிய புதுக் காலணியைப் பழக்குவதற்கு வீட்டுக்குள்ளேயே முகப்பிலிருந்து பின்கட்டு வரை, அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்குமாக நீண்டுகிடக்கும் எங்கள் பழைய வீட்டில் இரவு நேரங்களில் நடந்தேன். ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பில் அந்தக் காலணி கிறீச்சிட, "அம்புட்டுத் தூரம் போயித்தான் குளிருல நிக்கணுமாப்பா?" என்று அப்பத்தா கேட்டார்களே தவிரத் தடுக்கவில்லை. தூக்குவாளி நிறைய மனகோலமும் சீப்புச் சீடையும் செய்து கொடுத்தார்கள். உயரத்தில் பசி எடுக்காது, வாய்க்குப் பழகிய பண்டம்தான் உள்ளே இறங்கும் என்பதைப் பிறகு அனுபவத்தில் அறிந்தேன். ஊரில் இவ்வளவு பழகியும் விரலுக்கு முன்னால் போதிய இடமில்லாத அளவில் காலணியை வாங்கிவிட்டேன். இறக்கத்தில் நகம் கருத்தது அதனால்தான். அரை அளவு பெரியதாக வாங்குங்கள்.

இனி அந்தப் பேருந்து. புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் ஓர் ஆட்டோக்காரர், பேருந்து நிலையம் இருக்கும் காஷ்மீரி கேட்டுக்கு இன்று மெட்ரோவில் கூட்டம் தாங்காது, பெட்டிகளோடு ஏறவிட மாட்டார்கள் என்று சொல்லி இருவரிடமும் சேர்த்து 500 ரூபாய் வாங்கிவிட்டார். மஞ்சள் வழித்தடத்தில் அது மூன்றாவது நிலையம்! அந்தத் தொகையில் பாதிகூட ஆகியிருக்காது. அரசுப் பேருந்தில் இடம் கிடைக்காததால் இணையத்தில் பதிவு செய்திருந்த தனியார் படுக்கைப் பேருந்துக்கோ, ஏறும் இடத்தை மாலைக்குள் மூன்று முறை மாற்றிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஒருவழியாக ஏறினால், குளிர்பதனக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் படுக்கையின் தலைமாட்டிலேயே விழுந்தது. நடத்துநரிடம் சொன்னதற்கு ஒரு பழைய திரைச்சீலையை மடித்துக் கொடுத்தார். வழியிலுள்ள மண்டி நகரை அடைவதற்கு முன்பு வண்டி நின்றேவிட்டது. மாற்று வண்டி வரும் என்று சொல்லிச் சொல்லியே ஏழு மணி நேரம் சாலையோரத்தில் நிறுத்தி வைத்தார்கள். கட்டணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. காலையில் போய்ச் சேரவேண்டிய மணாலிக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். என் பழைய திட்டப்படி அந்நேரம் நாங்கள் முதல் நாள் முகாமான சிக்காவில் கூடாரத்தில் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஓய்வு நாள். பழைய மணாலியில் மரத்தூண் வைத்த ஒரு சின்னக் கடையில் சிட்டு என்ற பண்டத்தைச் சாப்பிட்டோம். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே அக்ரூட் பருப்பை அரைத்து வைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். தட்டில் வைத்து நடுவே பிளந்ததும் வெள்ளை ஆவி முகத்தில் அடித்தது. அந்தப் பிளவில் ஒரு கரண்டி நெய்யை ஊற்றினார்கள். பஞ்சு போன்ற மாவு அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. நம் கொழுக்கட்டையைப் பெரிதாக்கி உப்பும் காரமும் சேர்த்ததைப் போன்ற சுவை. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டு இரவும் அங்கேயே போனோம். இந்தப் பயணம் முழுவதிலும் யோசிக்காமல் செலவழித்த பணம் இது ஒன்றுதான்.

நடை தொடங்கும் ஜோப்ராவிலிருந்து சிக்கா வரையிலான முதல் நாள் நடை எளிது. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்: கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தை நம்பாமல் மணாலியிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மாலை பாலு கா கேராவில் தம்பிக்குத் தலைவலி தொடங்கியது. ராஜ்மாவும் சோறும் ஆவி பறக்க வந்தன, அவனோ ஒரு வாய்க்கு மேல் உண்ண முடியாமல் தட்டை ஒதுக்கினான். வழிகாட்டி அவனை நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்த்தார், தள்ளாட்டம் இல்லை. நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்குவதுதான் மருந்து என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். காலையில் தலைவலி குறைந்திருந்தாலும் தீரவில்லை. "அண்ணே, நீங்க ஏறிட்டு வாங்க, நான் கீழ போயிடுறேன்" என்று தம்பி சொன்னான். கையிருப்பு நாளை அங்கே செலவழித்தோம். அவன் வெந்நீர் குடித்தபடி கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பிற்பகல் மூன்று மணிக்கு அவனாகவே சீடை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று காலை எங்களைக் கடந்து போன ஒரு பெரிய குழுவில், இதே நிலையில் இருந்த ஓர் இளைஞரைத் துணைக்கு ஒருவரோடு திருப்பி அனுப்பிவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் விடியுமுன் கிளம்பினோம். கடைசி ஏற்றத்தில் பனி முழங்கால் வரை இருந்தது; இருபது அடி வைப்பதும் நிற்பதுமாகவே நடந்தோம். கணவாய்க்கு மேலே போய் நின்றபோது பின்னால் குலு பக்கம் பச்சையாகவும் முன்னால் லாஹூல் பக்கம் ஒரு புல்கூட இல்லாத செம்பழுப்பாகவும் தெரிந்தது. மழைமேகத்தைப் பீர் பஞ்சால் மலைத்தொடர் தன் தென்சரிவிலேயே இறக்கிவைத்துவிடுவதால் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளம் தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது நம் ஊரணிகள் வறண்டு கிடப்பதும் இதே காரணத்தால்தான். நம் வறண்ட சீமையிலே நின்று வானத்தைப் பார்த்து ஏங்கியவனுக்கு அந்தக் காய்ந்த பக்கம்தான் சொந்தம் போலத் தோன்றியது. தம்பி பையைத் திறந்து மனகோலத்தை வழிகாட்டியின் கையில் கொட்டினான். அவர் ஒன்றை மென்று பார்த்துவிட்டு, மீதியை ஷியா கோரு முகாமில் தேநீரோடு சாப்பிட வேண்டும் என்று சட்டைப்பையில் முடிந்துகொண்டார்.