ஓசிப் படகும் ஒரு சென்ட் நிலாவும்

ஓசியில் போகிற படகுக்கு ஆளுக்கு 20 டாலர் கேட்டான் ஒருத்தன். நியூயார்க் பேட்டரி பார்க் வாசலில், கழுத்தில் அடையாள அட்டை வேறு. தம்பி பர்ஸைத் திறந்தேவிட்டான். நல்லவேளை, பக்கத்தில் நின்ற பெண்மணி தடுத்தார். 40 டாலர் என்பது எங்களுக்கு நாலு வேளைச் சாப்பாடு, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற ஆரஞ்சு நிறப் படகு வொயிட்ஹால் முனையத்தில் 24 மணி நேரமும் கிடைக்கும், கட்டணமே கிடையாது. யாரிடமும் டிக்கெட் வாங்காதீர்கள்.

அந்தத் தீவுக்குப் போனதே ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்ற பத்திரிகைக்காரருக்காகத்தான். 1871இல் அவர் இறந்தது அங்கே. மற்ற பத்திரிகைகள் ஆறு சென்ட்டுக்கு விற்றபோது ஒரு சென்ட்டுக்கு விற்ற 'சன்' நாளிதழில், 1835 ஆகஸ்டில், நிலாவில் உயிரினங்கள் இருப்பதாக ஆறு பகுதிகள் புளுகி, நிலாவுக்கே உயிர் கொடுத்தவர். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அப்போது நன்னம்பிக்கை முனையில் இருந்தது நிஜம், அவர் கண்டதாக லாக் எழுதியதெல்லாம் கற்பனை. எடுத்ததுமே வௌவால் மனிதர்களைக் கொண்டுவராமல், ஹெர்ஷலின் தொலைநோக்கிக்கு 24 அடி அகல வில்லை, ஏழு டன் எடை என்று பொறுமையாக நம்பவைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எழுத்துக்காரன் தெரிகிறான். எனக்குப் பிடித்தது அவருடைய நிலாவில் வரும் பீவர்கள், தண்ணீரோரம் வாழும் கொறிவிலங்குகள். வாலில்லாமல் இரண்டு காலில் நடக்கும், குட்டியைக் கையில் தூக்கிக்கொள்ளும், அவற்றின் குடிசைகளிலிருந்து புகை வரும். அந்தப் புகையைப் படித்தால் நானும் நம்பியிருப்பேன்.

வரிசையாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. காலையிலேயே சிட்டி ஹால் பக்கம் போயிருந்தோம். ஒருகாலத்தில் பத்திரிகை அலுவலகங்கள் குவிந்திருந்த பார்க் ரோ தெருவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிலை கையில் செய்தித்தாளோடு நிற்கிறது. பிராட்வே, சேம்பர்ஸ் தெரு முனையில் 'சன்' பெயர் பொறித்த பழைய வெண்கலக் கடிகாரம் பச்சை பூத்துத் தொங்குகிறது, லாக் காலத்துக்கு ரொம்பப் பிந்தியது. அவர் பெயர் எங்கள் கண்ணில் எங்குமே படவில்லை. இப்படி ஒரு ஆளுக்கு ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டாமா?

அப்புறம் தள்ளுவண்டியில் ஹலால் சிக்கன் ரைஸ்! மஞ்சள் சோறு, கல்லில் கொத்திப்போட்ட கோழி, மேலே வெள்ளை சாஸ், 10 டாலர். ஒரு தட்டே இரண்டு பேருக்குப் போதும், சிவப்பு சாஸை மட்டும் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்.

திரும்பும் படகில் லாக் எழுதியதன் நான்காம் பகுதியைத் தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வௌவால் மனிதர்கள் வந்ததும், "எவ்வளவு உயரம்க்கா?" என்றான்.

நாலடி.