கச்சான் காலத்தில் எங்கே அமர்ந்து படிப்பது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜூன் மாத நடுப்பகலில், வந்தாறுமூலை வளாகத்தின் வேப்பமரத்தடி வாங்கொன்றில் குறிப்புகளை விரித்துக்கொண்டு அமர்ந்தேன். அரை மணித்தியாலம் ஆவதற்குள் கச்சான் காற்று தாள்களையெல்லாம் மணலில் இறைத்துவிட்டது. அவற்றைப் பொறுக்கித் தந்த மூன்றாம் வருட அக்கா, "தங்கச்சி, கச்சானுக்குப் பகல்ல லைப்ரரி, பின்னேரம் மரத்தடி. மாறி இருந்தா படிப்பு ஓடாது" என்றார். நான்கு ஆண்டுகளும் அந்த ஒழுங்கைத்தான் நான் பின்பற்றினேன். இப்போது புதிதாக அனுமதி பெற்று வரும் தம்பி தங்கைகள் படிப்பதற்கு நல்ல இடம் எது என்று கேட்கும்போதெல்லாம், எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

மட்டக்களப்புக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கச்சான் புதிது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற காற்றாகக் கிழக்கே இறங்கும்போது சூடேறி எங்களை வந்தடைகிறது. அது வீசும் மாதங்களில் உதடு வெடிக்கும், தொண்டை வறளும், மர நிழலிலும் அனல் அடிக்கும். ஆகவே முற்பகல் பதினொரு மணி தொடக்கம் மூன்றரை மணி வரை நான் நூலகத்தை விட்டு அசைந்ததில்லை. கிழக்குப் பக்கச் சன்னலோர மேசைதான் என் விருப்பத்துக்குரிய இடம். உச்சி சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் வெயில் வராது. இரவல் கொடுக்காத உசாத்துணை நூல்களை அங்கேயே இருந்து வாசித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. பரீட்சைக் காலத்தில் அந்த மேசை கிடைக்க வேண்டுமானால் நூலகம் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும்.

கன்ரீனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிளேன்ரீ குடிக்கவும் வடை சாப்பிடவும் அது நல்ல இடம், படிக்க ஆகாது.

நான்கு மணிக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து மெல்ல ஏறி வரும்போது மரத்தடிகள் மீண்டும் நமக்குரியவை ஆகின்றன. வந்தாறுமூலை மண் மணற்பாங்கானது. மழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்திலேயே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், வாங்கு கிடைக்காதவர்கள் நிலத்திலேயே வட்டமாக அமர்ந்துவிடலாம். எங்கள் 'குப்பி' நடந்ததும் அப்படித்தான். ஒரு பாடத்தை நன்றாக விளங்கிக்கொண்ட ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழக மாணவரிடையே வழங்கும் பெயர் அது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த நாட்களிலிருந்து வந்த சொல் என்பார்கள். விரிவுரை மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டும் பிடிபடாத புள்ளிவிபரவியல் கணக்கொன்று, தோழி ஒருத்தி ஈர்க்கினால் மணலில் வரைந்து காட்டியபோது சில நிமிடங்களில் விளங்கியது. கேள்வி கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகள் அந்த வட்டத்தில் வாய் திறந்து கேட்பார்கள். ஆகையால், தனியாக எவ்வளவு படித்தாலும் கிழமைக்கு ஒரு தடவையாவது மரத்தடியில் போய் இருங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

இந்த நிழலுக்கு வேறொரு கதையும் உண்டு. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான இந்த வளாகம், 1990இல் சுற்றுப்புறக் கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் தஞ்சமடைந்த அகதி முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி இங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அப்போது சிறுமியாக இருந்த என் மாமி, குடும்பத்தோடு இங்கேதான் தங்கியிருந்தார். நான் அனுமதி பெற்றுச் சேர்ந்த அன்று என்னோடு வந்தவர், உள்ளே நடந்துகொண்டிருக்கையில் ஒரு மரத்தடியில் நின்று, "இதிலதான் மகள் நாங்க உலை வெச்ச" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. அந்த மரத்தடியில் நான் பல பின்னேரங்கள் படித்திருக்கிறேன். அங்கே சாப்பிட்ட பொதித்தாளைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால், அறிமுகமில்லாதவர்களாக இருந்தாலும், கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் பிறந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். மாரி மழை தொடங்கியதும் மரத்தடிகளை மறந்துவிட வேண்டியதுதான். அப்போது விரிவுரை முடிந்து வெறுமையாகிவிட்ட கட்டடங்களின் விறாந்தைகள்தான் கைகொடுக்கும். சாரல் எட்டாத மூலையொன்றைப் பார்த்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கலாம். மழை பலமாகப் பெய்யும்போது பக்கத்தில் இருப்பவரின் பேச்சுக்கூடக் கேட்காது என்பதால், மனனம் செய்ய வேண்டியவற்றையெல்லாம் நான் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைத்து, வாய்விட்டுச் சத்தமாகவே படித்தேன். இருட்டுவதற்கு முன் விடுதிக்குத் திரும்பிவிடுவது நல்லது. வெள்ளம் நிற்கும் நாட்களில் பாதையோரத்தில் பாம்பு கிடக்கும்.

படிப்பதற்கு இத்தனை இடங்களைச் சொன்ன நான், இளைப்பாறுவதற்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். அது வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. பரீட்சை முடிந்த நாளில் நாங்கள் நால்வர் சைக்கிளில் களுவன்கேணிக் கடற்கரைக்குப் போவது வழக்கம். கொப்பி, புத்தகம் எதையும் கொண்டுபோவதில்லை என்பது எங்களுக்குள் இருந்த உடன்பாடு. கரைவலை இழுப்பவர்களைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமலே ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறோம். வினாத்தாளின் மூன்றாம் கேள்விக்கு யார் என்ன எழுதினார்கள் என்ற பேச்சு, திரும்பி வரும் வழியில் செங்கலடிச் சந்தியில் தேநீருக்கு நிற்கும்போதுதான் தொடங்கும்.