எவ்ரிடே, எவ்ரி டே: ஸ்பெல்செக் விட்டுவிடும் பிழைகள்

ஆங்கிலத்தில் அட் லீஸ்ட், இன் ஃபேக்ட், ஆஃப் கோர்ஸ், ஈவன் தோ, ஈச் அதர், அப் டூ எல்லாமே இரண்டிரண்டு சொற்கள். 'அட்லீஸ்ட் நூறு ரூபாயாவது குடு' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், மெயில் அடிக்கும்போதும் இடைவெளி விட மறந்துபோகிறோம். இவை பரவாயில்லை. சேர்த்து அடித்தால் அகராதியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. சிவப்புக் கோடு வந்துவிடும். 'நோ ஒன்' மட்டும் கொஞ்சம் வம்பு. சம்ஒன், எவ்ரிஒன் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டாது. ஒட்டினால் இரண்டு 'ஓ' அடுத்தடுத்து வந்து 'நூன்' என்று படிக்கத் தோன்றும்.

சேர்த்தாலும் பிரித்தாலும் சரியான சொல்லாக நிற்பவைதான் ஆபத்து. கோடு வராது, பொருள் மாறிவிடும். 'ஐ வாக் எவ்ரி டே' என்றால் தினமும், பிரித்து எழுத வேண்டும். 'எவ்ரிடே க்ளோத்ஸ்' என்றால் அன்றாடம் உடுத்துவது, சேர்த்து. நடுவில் 'சிங்கிள்' நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இடைவெளி உண்டு. 'மேபீ' இருக்கும் இடத்தில் 'பெர்ஹாப்ஸ்' பொருந்தினால் சேர்த்து எழுதலாம். 'ஹி மே பீ லேட்' என்பதில் பொருந்தாது, பிரிக்க வேண்டும். விண்ணப்பக் கடிதங்களில் மாட்டுவது 'அ பார்ட்'. உங்கள் நிறுவனத்தில் ஒரு அங்கமாக இருக்க விரும்புகிறேன் என்று எழுத நினைத்து அதைச் சேர்த்து அடித்தால், விலகி இருக்க விரும்புகிறேன் என்ற தொனி வந்துவிடும்.

ஐடி ஆட்களே அதிகம் தடுமாறுவது லாக் இன், செட் அப், பேக் அப் விஷயத்தில். வினையென்றால் இரண்டு சொல், பெயரென்றால் ஒன்று. லாக் இன், பேக் அப் இரண்டையும் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: 'ஐ லாக்டு இன்' என்று முதல் பாதிதான் மாறுகிறது, ஆகவே பிரித்து. 'யுவர் லாகின் ஃபெயில்டு' என்பதில் அது பெயர், சேர்த்து. காதும் உதவும்: பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தில் பட்டன் ஒரு செயலைச் சொல்வதால், என் கணக்கில் அங்கே 'லாக் இன்' என்று பிரித்துப் போடுவதே சரி.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், 'ரீப்ளேஸ்' கட்டத்தில் சேர்த்தெழுதிய அட்லீஸ்டையும் 'வித்' கட்டத்தில் பிரித்ததையும் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. எவ்ரிடே, மேபீ, செட்அப் போன்றவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது, சரியான இடங்களையும் கெடுத்துவிடும். அவற்றை கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.