விரிசலை எடுக்க யாரைக் கேட்பது?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஹால், இரண்டு அறைகள், கரண்ட் போனால் மெஷின்களைக் காப்பாற்ற வரிசையாக யுபிஎஸ், அவ்வளவுதான். அனிமேஷன் தொடர்களுக்கு வேண்டிய சாமான்களை முப்பரிமாணத்தில் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கதவு, நாற்காலி, வாள், விளக்கு, குப்பைத்தொட்டி எல்லாம் செய்வோம். கதாநாயகன் முகத்தை வேறு யாராவது செய்வார்கள். அவன் ஓடும்போது உதைத்துத் தள்ளுகிற பீப்பாய் எங்களுடையது.

சில வருடங்களாக வீடியோ கேம்களை வைத்து எடுக்கப்படும் தொடர்களின் வேலைதான் அதிகம் வருகிறது. எந்தத் தொடர் என்று சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லலாம். நாங்கள் செய்ததை ஹைதராபாத்தில் இருக்கும் பெரிய ஸ்டுடியோ பார்க்கும். பிறகு வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் இயக்குநரும் பார்ப்பார்கள். சாதாரணத் தொடர் என்றால் அதோடு முடிந்தது. கேம் தொடர் என்றால் அதற்கு மேலும் ஒரு மேஜை உண்டு. உரிமையைக் கையில் வைத்திருக்கும் கேம் கம்பெனியின் மேஜை அது. அங்கிருந்து வரும் நோட்ஸ் எங்கள் ஷீட்டில் தனி நிறத்தில் இருக்கும். எங்கள் பையன்கள் அதற்கு ‘மேலிடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு விளக்கின் கதையைச் சொல்கிறேன். நாயகி இடுப்பில் தொங்கும் கைவிளக்கு. கேம் கம்பெனி கொடுத்த ஸ்டைல் கைடில் அதற்கென்றே பக்கங்கள் உண்டு. கைப்பிடியின் வளைவு, துருவின் அளவு, முன்பக்கக் கண்ணாடியில் மேலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டு அளவு குறித்திருந்தார்கள். எங்களிடம் மாடலிங் செய்யும் பாகூர்ப் பெண் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இயக்குநரிடமிருந்து நோட் வந்தது. கதை முதல் கேமுக்குப் பல வருடம் முன்னால் நடக்கிறது, நாயகி அப்போதுதான் கடையில் விளக்கை வாங்குகிறாள், புது விளக்கில் விரிசல் எப்படி வரும், எடுங்கள். நியாயம்தானே, எடுத்தோம். மேலிடத்திலிருந்து ரிஜெக்ட் ஆகி வந்தது. காரணம் ‘விரிசல் இல்லை’. திரும்ப வைத்தோம். இயக்குநர் தரப்பு ஏன் என்று கேட்டது. இப்படியே அந்த விளக்கு மேலும் கீழும் போய் வந்தது. அது வரும் ஷாட்டெல்லாம் லைட்டிங்கில் காத்துக் கிடந்தன. “அண்ணா, இவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பேசிக்கவே மாட்டாங்களா?” என்று அவள் கேட்டாள். எங்கள் சார் அதையே கொஞ்சம் மரியாதையாக ஆங்கிலத்தில் எழுதி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்.

கடைசியில் ஒரு வீடியோ கால் ஏற்பாடு ஆனது. கேம் கம்பெனியிலிருந்து, கேமின் பெயரும் தோற்றமும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பிராண்ட் டீம் ஆள் ஒருவர் வந்தார். கூடவே இன்னொருவரையும் அழைத்து வந்திருந்தார். பழைய கேமில் அந்த விளக்கைச் செய்தவரே அவர்தான். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

ஒரு மாடலுக்கு வண்ணம் ஏற்ற, அதன் மேற்பரப்பை அங்கங்கே வெட்டித் தட்டையாக விரிக்க வேண்டும். வெட்டின ஓரங்கள் மறுபடி சேரும் இடத்தில் கோடு தெரியும். அதை சீம் என்போம். கண்ணில் படாத பின்பக்கத்தில் அதைத் தள்ளுவதுதான் வழக்கம். அவர் செய்த விளக்கில் அது முன் கண்ணாடி மேலேயே விழுந்துவிட்டதாம். மறுபடி விரிக்க நேரம் இல்லை. கோட்டை மறைக்க அதன் மேலேயே ஒரு விரிசலை வரைந்துவிட்டார். அதுதான் கதை. “எடுத்துவிடுங்கள்” என்றார். இத்தனை நாள் ரிஜெக்ட் போட்டுக்கொண்டிருந்த பிராண்ட் டீம் ஆள் ஒன்றும் பேசவில்லை.

அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கால் முடியும் நேரத்தில் விளக்கைச் செய்தவரே, “வெளிச்சத்தின் நிறத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டார். ராத்திரிக் காட்சிகளுக்கு நீலம் கலக்கலாம் என்று இயக்குநர் நினைத்திருந்தார். ஸ்டைல் கைடில் நிறத்தைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. விளக்கைச் செய்தவர் சட்டென்று வேண்டாம் என்றார். ஆடுபவர்கள் இருட்டில் அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள், பயம் போவதே அந்த நிறத்தைப் பார்த்துத்தான், அதை மாற்றினால் இது அந்த விளக்கே இல்லை என்றார். இயக்குநரும் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கேம் கம்பெனிகள் இப்படிப் பிடியை விடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1993-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ படத்தில் நிண்டெண்டோ உரிமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. பாப் ஹாஸ்கின்ஸ் நடித்தும் படம் படுத்துவிட்டது. அந்தச் சூட்டுக்குப் பிறகு மாரியோவைப் பல வருடம் சினிமாப் பக்கமே விடவில்லை. 2023-ல் மறுபடி வந்தபோது அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே இலுமினேஷன் நிறுவனத்தின் கிறிஸ் மெலடாண்ட்ரியோடு சேர்ந்து தயாரித்தார். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. சோனி 2019-ல் பிளேஸ்டேஷன் புரொடக்‌ஷன்ஸ் என்று தனிப் பிரிவே தொடங்கிவிட்டது. ‘தி விட்சர்’ மட்டும் இதில் தனிக்கதை. நெட்பிளிக்ஸ் தொடரைப் பலர் கேமிலிருந்து வந்தது என்று நினைக்கிறார்கள். அது ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களிலிருந்து வந்தது. கேம் செய்த சிடி ப்ராஜெக்டுக்கு அதில் பிடி கிடையாது.

சரி, பிடி இருந்தால் மட்டும் போதுமா? ‘ஹேலோ’ தொடரைப் பாருங்கள். 2022 மார்ச்சில் பாரமவுண்ட் பிளஸில் வந்தது. அந்த கேமைக் கையில் வைத்திருந்த மைக்ரோசாஃப்டின் 343 இண்டஸ்ட்ரீஸ் ஆட்கள் தயாரிப்பிலேயே இருந்தார்கள். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், தொழில் புத்தி. கவசம், துப்பாக்கி, கப்பல் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் முதல் எபிசோடிலேயே நாயகன் மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டார். கேம்களில் அந்த முகத்தை முழுதாகக் காட்டியதே இல்லை. தொடருக்கென்று ‘சில்வர் டைம்லைன்’ என்று தனிக் காலக்கோடு வைத்துக்கொண்டார்கள், கேம் கதையோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லாமல். ஆனாலும் ரசிகர்கள் பலர் அந்த முகத்தை ஏற்கவே இல்லை. இரண்டு சீசனோடு 2024 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

இதே முகப் பிரச்சினை ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடருக்கும் இருந்தது. 2013-ல் வந்த கேமில் மனிதர்களைத் தாக்கும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறக்கும், அந்த இடங்களில் நாயகன் ஜோயல் முகமூடி போட்டுக்கொள்வான். தொலைக்காட்சியில் நடிகரின் முகத்தை மூடினால் அப்புறம் எதைப் பார்ப்பது? அந்த வித்துகள் வெளியே பரவாமல் அந்த அறைக்குள்ளேயே எப்படி நிற்கும் என்ற கேள்வியும் வரும். 2023 ஜனவரியில் வந்த முதல் சீசனில் வித்துகளையே எடுத்துவிட்டார்கள். பூஞ்சை கொடிபோலப் பரவித் தொற்றுகிறது என்று மாற்றினார்கள். பெரிய மாற்றம்தான், ஆனாலும் தொடருக்கு ஒரு சேதமும் இல்லை.

இரண்டிலும் கேம் கம்பெனி உள்ளே இருந்தது, இரண்டிலும் விதியை உடைத்தார்கள். என் கணக்கு இதுதான். வித்துகள் கேமில் ஒரு ஏற்பாடு, அதை எடுத்தாலும் ஜோயலும் அவனோடு பயணம் போகும் சிறுமி எல்லியும் அப்படியே இருப்பார்கள். ஹெல்மெட் அப்படி இல்லை. ஆடுகிறவன் தன்னை வைத்துக்கொள்ளும் இடம் அது. ஒன்று விரிசல், மற்றது மஞ்சள் வெளிச்சம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமை எழுதிய நீல் ட்ரக்மனே தொலைக்காட்சி எழுத்தாளர் க்ரெய்க் மேசினோடு உட்கார்ந்து தொடரை உருவாக்கினார். எது எது என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் எபிசோடில் இன்னும் துணிந்தார்கள். கேமில் பில் என்பவன் கசந்துபோன தனி ஆள். அவனை வெறுத்துப் பிரிந்துபோன ஃபிராங்கை நாம் பிணமாகத்தான் பார்ப்போம். தொடரில் அந்த இருவரும் வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்து, ஸ்ட்ராபெரி பயிரிட்டு, வயதாகி முடிகிறார்கள். பில்லாக நடித்த நிக் ஆஃபர்மனுக்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது. பிராண்ட் டீம் மட்டும் பார்த்திருந்தால் இந்த ஸ்கிரிப்ட் முதல் சுற்றிலேயே திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம். அந்த ட்ரக்மன் 2025 ஜூலையில், மூன்றாம் சீசனுக்கு முன்னால் தொடரிலிருந்து ஒதுங்கிவிட்டார். இனி எப்படி வருகிறது பார்க்க வேண்டும்.

சாமான் செய்கிறவனாக எனக்குப் பிடித்த சம்பவம் ‘ஃபால்அவுட்’ தொடரின் கரும்பலகை. 2024 ஏப்ரலில் அமேசானில் வந்தது. கேமைச் செய்யும் பெதஸ்டா கம்பெனியின் டாட் ஹாவர்ட் தயாரிப்பாளர்களில் ஒருவர். எந்த கேமின் கதையையும் திருப்பி எடுக்காமல் அதே உலகில் புதுக் கதை சொன்னார்கள். அதில் ஒரு வகுப்பறையின் பலகையில் ஷேடி சாண்ட்ஸ் நகரத்தின் வீழ்ச்சி 2277 என்று சாக்பீஸில் எழுதி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு அணுகுண்டுப் புகையும் வரைந்திருப்பார்கள். அதே வரிசையில் வந்த ‘நியூ வேகஸ்’ கேம் நடப்பதோ 2281-ல், அதில் அந்த ஊர் அழிந்ததாகப் பேச்சே இல்லை. அப்படியானால் அந்த கேமின் கதையே செல்லாதா என்று ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். குண்டு விழுந்தது ‘நியூ வேகஸ்’ கதைக்குப் பிறகுதான் என்று ஹாவர்ட் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பலகையில் எழுதின கலை உதவியாளரை நினைத்துக்கொண்டேன். கையில் சாக்பீஸோடு நிற்கிறவருக்கு அது இன்னொரு பலகை. எங்கள் ஆட்கள் அன்றிலிருந்து சுவரில் தேதி, காலண்டர், கடைப் பலகை எது வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாகக் கேட்கிறார்கள்.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேமிலிருந்து வந்த ‘ஆர்கேன்’ அனிமேஷன் தொடர் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஆபீஸில் வேலை நின்றுவிடும். பாரிஸின் ஃபோர்டிஷ் ஸ்டுடியோ முப்பரிமாண மாடல் மேல் கையால் தீட்டின மாதிரி வண்ணம் ஏற்றியிருக்கும் விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. கேம் கம்பெனியான ரயட் தன் பணத்தைப் போட்டு, தன் ஊழியர்களான கிறிஸ்டியன் லிங்க், அலெக்ஸ் யீ இருவரையே எழுத வைத்தது. இருவரும் அதற்கு முன் தொலைக்காட்சித் தொடர் செய்தவர்கள் இல்லை. 2022-ல் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி கிடைத்தது. இரண்டு சீசனுக்கும் சேர்த்து 25 கோடி டாலர் ஆனதாகச் செய்தி வந்தது. எங்கள் சார் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

செய்தவரை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ‘ஃபைனல் ஃபேண்டஸி’யை உருவாக்கிய ஹிரொனோபு சகாகுச்சி 2001-ல் தானே இயக்கி ‘தி ஸ்பிரிட்ஸ் விதின்’ என்ற கம்ப்யூட்டர் அனிமேஷன் படத்தை எடுத்தார். ஸ்கொயர் கம்பெனி அதற்காக ஹவாயில் சொந்த ஸ்டுடியோவே கட்டியது. நாயகிக்கு 60,000 தலைமுடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும். செலவு 13 கோடி டாலருக்கு மேல், நஷ்டத்தில் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். முழுப் பிடியும் அவர்களிடமேதான் இருந்தது. கேம் கம்பெனியான யுபிசாஃப்ட் 2011-லேயே சொந்தத் திரைப்படப் பிரிவு தொடங்கித்தான் 2016-ல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ படத்தைக் கொண்டுவந்தது. அதையும் விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். ட்ரக்மனுக்கு எதிரே மேசின் இருந்தார், ஹாவர்டுக்கு எதிரே இயக்குநர் ஜொனாதன் நோலன் இருந்தார். எங்கள் விளக்குக்காரருக்கு எதிரேயும் ‘புது விளக்கில் ஏது விரிசல்’ என்று கேட்க ஒரு இயக்குநர் இருந்தார்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கட்டியக்காரன் பெட்ரோல் விலையைப் பேசலாம், ஊர் எம்எல்ஏவைக் கிண்டல் செய்யலாம், பாட்டை நீட்டலாம், ஒரு சண்டையைச் சுருக்கலாம். வியாசரிடம் யாரும் அப்ரூவல் வாங்குவதில்லை. ஆனால் கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் அடி விழாமலும் பாஞ்சாலி கூந்தல் முடியாமலும் போகட்டும், ஊரே எழுந்துவிடும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வாத்தியாருக்கும் தெரியும், தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். அதற்கு ஸ்டைல் கைடு கிடையாது.

இப்போது புது கேம் தொடர் வேலை வந்தால் சார் ரேட் பேசுவதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன். நோட்ஸ் எழுதப்போகிறவர் அந்த கேமில் வேலை செய்தவரா, இல்லை பிராண்ட் டீம் மட்டும்தானா? ஹைதராபாத்காரர்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது, இப்போது அவர்களே விசாரித்துச் சொல்கிறார்கள். பிராண்ட் டீம் மட்டும் என்றால் ஒரு சாமானுக்கு இத்தனை திருத்தம்தான், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்ப்போம். போன மாதம் வந்த வேலைக்கும் சேர்த்து அனுப்பினோம். பத்தியை வெட்டாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ரேட்டைத்தான் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள்.