இரண்டு மணி நேரம் என்று நினைத்த பயணம்

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 1,700 கிலோமீட்டர் என்று இணையம் காட்டியது. ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும், அப்படியானால் 2 மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன். டிக்கெட்டில் ஏழரை மணி நேரம்! நேரடி விமானமே கிடையாது. நடுவில் இறங்கி 4 மணி நேரம் தேவுடு காத்தேன். அப்புறம் ஏறியது ஏடிஆர். புரொப்பெல்லர் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர்தான். ஆனால் இறக்கை மேலே இருப்பதால், சக்கரம் மடங்கி உள்ளே போவதை ஜன்னலிலேயே பார்க்கலாம். அதற்காகவே மன்னித்தேன்.

இணையம் சொல்வது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம். டிக்கெட் நேரத்திலோ ஓடுபாதை வரை ஊர்வதும் சேர்த்தி. திரும்பும்போது எதிர்க்காற்று வேறு; 20 நிமிடம் கூடுதல்.