லயத்து வீட்டுப் படமும் பூட் ஆகாத லேப்டாப்பும்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல சாயங்காலம் இடி இடிச்சா பிளக்க கழட்டிடணும்னு எல்லார் வீட்லயும் தெரியும், ஆனா அன்னைக்கு என் மனைவி பழைய கேமரா கார்டுலேர்ந்து படத்தெல்லாம் லேப்டாப்புக்கு மாத்திக்கிட்டு இருந்தாங்க, பேட்டரி எப்பவோ போயிட்டதால நேரா கரண்ட்லதான் ஓடும், டப்புனு கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன்ல ஒரே வரி, நோ பூட்டபிள் டிவைஸ், அதாவது எழுந்திரிக்கறதுக்கு விண்டோஸ் எங்கயும் கிடைக்கலன்னு.

அதுல மாமியார் இருந்த தோட்டத்துல லயத்து வீடுங்கள (தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த வீடுங்க) இடிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படங்க இருந்துச்சு. கோயில், பெரட்டுக் களம் (காலையில ஆளுங்கள பேர் கூப்பிடுற இடம்), மாமியார் அவங்க வீட்டு வாசல்ல கடைசியா கோலம் போடுறது. இப்ப அங்க போனா செம்பனைதான் நிக்குது, வீடு எங்க இருந்துச்சுன்னே காட்ட முடியாது. இன்னொரு காப்பி எங்கயும் கிடையாது. அது போக டியூஷன் பிள்ளைங்களுக்கு மனைவி செஞ்சு வச்ச பயிற்சித்தாள் எல்லாம்.

ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த தம்பி ஆன் பண்ணி ஒரு தடவ பாத்துட்டு, "அண்ணே ஃபார்மட் பண்ணாதான் வரும், 80 வெள்ளி, உள்ள உள்ளது எல்லாம் போயிடும், ஓகேவா?"ன்னாரு. எனக்குக் கோவமே வந்துடுச்சு. ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சா இல்ல விண்டோஸ் மட்டும் விழுந்துச்சான்னு பாக்காம எப்படி அழிக்கறது? வேணாம் தம்பின்னு எடுத்துட்டு வந்துட்டேன்.

முதல் வேலையா எஃப் 2 அழுத்தி பயாஸ்ங்கற, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற செட்டிங்ஸ் பக்கத்துக்கு உள்ள போனேன் (எல்லா மாடல்லயும் இதே கீ இல்ல, எச்பின்னா எஃப் 10, சிலதுல டெலிட்). ஹார்ட் டிஸ்க் பேரு அங்க தெரிஞ்சுச்சு, அப்பவே பாதி உயிர் வந்துடுச்சு எனக்கு. பேரு தெரியுதுன்னா டிஸ்க் இன்னும் பதில் சொல்லுதுன்னு அர்த்தம். பழைய முறையில விண்டோஸ் போட்ட டிஸ்க்ல முதல் 512 பைட் இடத்துலதான் பூட் ஆகறதுக்கான கோடும் பார்ட்டிஷன் டேபிளும் (டிஸ்க்க எப்படிப் பிரிச்சிருக்குன்னு சொல்ற பட்டியல்) இருக்கும், அங்கயோ அதுக்கு அடுத்த பூட் ஃபைல்லயோ அடி விழுந்தாலே மிஷின் எழுந்திரிக்காது, ஆனா படம் எல்லாம் அது பாட்டுக்கு உள்ளயே கிடக்கும்.

ஈப்போவுல இருக்கற அக்கா மகன் சனிக்கிழமை வந்தான். "மாமா, ஃபார்மட் பேச்சே எடுக்காதீங்க, முதல்ல படத்த வெளிய எடுப்போம்"னான். அவன் லேப்டாப்புல ரூஃபஸ்ங்கற புரோகிராம வச்சு 16 ஜிபி பென்ட்ரைவ்ல உபுந்துவ (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம்) ஏத்தி, எங்க லேப்டாப்புல எஃப் 12 பூட் மெனுவுல அத தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை உபுந்துன்னு போனோம். டிஸ்க்குல எதையும் எழுதாம பென்ட்ரைவ்லேர்ந்தே ஓடுது அது. நம்ம பார்ட்டிஷன் படிக்க மட்டும்தான் திறந்துச்சு, எங்களுக்கு அது போதும். கோலம் போடுற படம் சின்னதா ஸ்கிரீன்ல வந்ததும் மனைவி கிட்ட வந்து நின்னவங்க, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி ஆகி முடியற வரைக்கும் நகரவே இல்ல.

காப்பி முடிஞ்ச கையோட அதே உபுந்துல டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன்னோட நிலைமையப் பத்தி தானே வச்சிருக்கற கணக்கு) பாத்தோம். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தி வச்ச இடம்), பெண்டிங் செக்டர் (சரியா படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற இடம்) ரெண்டும் 0. இது ஏறிக்கிட்டே போனா ஃபார்மட் பண்றதே வீண், டிஸ்க்க மாத்தணும். எங்களோடது நல்லா இருந்துச்சு.

அப்புறம் விண்டோஸ் பென்ட்ரைவ். ஸ்டார்ட்அப் ரிப்பேர் பாத்தோம், முடியலன்னு சொல்லிடுச்சு, பூட்ட சரி பண்ற பூட்ரெக் கமாண்ட் போட்டா ஆக்சஸ் டினைட், அனுமதி இல்லன்னு. சரி, இனி ஃபார்மட்தான். ஆனா இன்ஸ்டால் பண்ணப் போனா, இந்த டிஸ்க் எம்பிஆர், இஎஃப்ஐ மிஷின்ல ஜிபிடி டிஸ்க்லதான் போட முடியும்னு ஒரு எரர். எம்பிஆர்ங்கறது முன்ன சொன்ன அந்தப் பழைய முறை, ஜிபிடி புது முறை, இஎஃப்ஐங்கறது புது வகை பயாஸ். இங்கதான் நிறைய பேரு கைவிட்டுடறாங்க, உண்மையில வழி சுலபம்: ஷிஃப்ட் எஃப் 10 அழுத்தினா கருப்பு ஜன்னல் வரும், டிஸ்க்பார்ட் அடிச்சு, லிஸ்ட் டிஸ்க்.

லிஸ்ட்ல ரெண்டு வரி. டிஸ்க் 0, 465 ஜிபி. டிஸ்க் 1, 14 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்க விண்டோஸ் 465ன்னுதான் காட்டும், 14ன்னு நிக்கறது நம்ம பென்ட்ரைவ். வெளி ஹார்ட் டிஸ்க்க முன்னாடியே கழட்டி அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு, ஏன்னா அடுத்து அடிக்கப் போறது கிளீன், அது நிஜமாவானு கேக்காது, ஒரு செகண்ட்ல துடைச்சிடும். செலக்ட் டிஸ்க் 0ன்னு அடிச்சிட்டு ரெண்டு பேரும் நம்பர வாய்விட்டுப் படிச்சோம். கிளீன். கன்வெர்ட் ஜிபிடி. மறுபடி லிஸ்ட் டிஸ்க் போட்டா ஜிபிடின்னு தலைப்பு இருக்கற பத்தியில, டிஸ்க் 0க்கு நேரா ஒரு நட்சத்திரக் குறி வந்து உக்காந்துருக்கு.

மத்தது தானா நடந்துச்சு. இந்த மிஷின்ல டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்ல, அதனால விண்டோஸ் 11 போகல, 10தான் போட்டோம். 2025 அக்டோபர் 14 ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சதால பேங்க் வேலை எதுவும் இதுல பண்றதில்ல, பயிற்சித்தாள் அடிக்க மட்டும். நெட் குடுத்ததும் லைசன்ஸ் அதுவே ஆக்டிவேட் ஆயிடுச்சு, மதர்போர்ட் அதேதான்கறதால சாவி கேக்கல.

பெரட்டுக் களத்துல எடுத்த 11 படம் மட்டும் திறக்கல. பேரு இருக்கு, சைஸ் 0. கரண்ட் போன நேரத்துல அதுங்கதான் மாறிக்கிட்டு இருந்துருக்கு போல. கார்டுல பாத்தா அங்கயும் காணோம், ஆனா அழிஞ்ச இடத்து மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும் அழிஞ்ச படத்த மீட்கற ஃபோட்டோரெக் புரோகிராம வச்சு எடுக்க வாய்ப்பு இருக்குன்னு பையன் சொன்னான். கார்ட ஒரு கவர்ல போட்டு மாமியார் படத்துக்குப் பின்னால வச்சிருக்கோம், வர்ற சனிக்கிழமை அவன் திரும்ப வர்றான்.