பூட் சவுண்டை நிறுத்தியதும், அப்புறம் மாற்றியதும்

விடிவதற்கு முன்பே எழுந்து வேலை பார்ப்பது என் பழக்கம். லேப்டாப் மாற்றிய பிறகு அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடவே தயக்கமாகிவிட்டது. ஆன் ஆகும்போது உலோகத்தை உரசுவது போல ஒரு பெரிய சத்தம். அதே அறையில் படுக்கும் அப்பாவுக்குத் தூக்கம் லேசு. ஒருமுறை விழித்துவிட்டால் மறுபடி வராது. அதனால் இதை நிறுத்தாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸ் 11-இல் எல்லோரும் முதலில் போகும் இடத்துக்கே நானும் போனேன். செட்டிங்ஸ், அதில் பெர்சனலைசேஷன், தீம்ஸ், சவுண்ட்ஸ். திறக்கும் சின்ன ஜன்னலின் அடியில் ‘ப்ளே விண்டோஸ் ஸ்டார்ட்அப் சவுண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்து, ஓகே கொடுத்தால் போதும். அலுவலகக் கணினியில் இந்த வரி மங்கலாகி, தொட முடியாமல் இருந்தால், நிர்வாகி குரூப் பாலிசி (பல கணினிகளுக்கும் பொதுவாக விதிகளை வைக்கும் வசதி) வழியாக அதைப் பூட்டியிருக்கலாம். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

டிக்கை எடுத்த பிறகும் உலோகச் சத்தம் போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இதுவரை ஒரே சத்தம் என்று நினைத்திருந்தது உண்மையில் இரண்டு. தயாரிப்பாளரின் லோகோ திரையில் தோன்றும்போது வருவது ஒன்று. லாக் ஸ்கிரீன் வரும் நேரத்தில் மெல்லிசாக வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் விண்டோஸின் ஒலி, அது நின்றுவிட்டது. முதலாவது விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே வருகிறது. அதை எழுப்புவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர். விண்டோஸில் நாம் வைத்த வால்யூம் அளவு அந்தக் கட்டத்தில் அதற்குத் தெரியாது. முந்தின இரவு ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் படுத்தாலும் காலையில் அதே உரத்த குரலில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே என் முதல் பரிந்துரை: எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், சத்தம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். லோகோவோடு வந்தால் பயாஸ், அதாவது மேலே சொன்ன ஃபர்ம்வேர். லாக் ஸ்கிரீனோடு வந்தால் விண்டோஸ். பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போன பிறகு வந்தால், தானாகத் துவங்கும் ஏதோ ஒரு செயலி. இது தெரியாமல் தேடினால் தவறான கதவையே தட்டிக்கொண்டிருப்போம்.

பயாஸுக்குள் போக, ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தச் சொல்வார்கள். சில மெஷின்கள் அதைக் கவனிக்க நேரம் தராமல் வேகமாகத் தாண்டிவிடும். அதைவிட நிச்சயமான வழி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, அங்கே அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் எதிரில் ‘ரீஸ்டார்ட் நவ்’. நீலத் திரை வந்ததும் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகப் பார்த்ததில், அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ‘பூட் சவுண்ட்’ என்றே ஒரு வரி இருந்தது. டிஸேபிள்டு என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வந்தேன். பெயரும் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில மாடல்களில் தயாரிப்பாளரின் சொந்த செயலியிலேயே இந்த ஸ்விட்ச் இருக்கும், பயாஸ் வரை போகத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்க் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் சில மாற்றங்களுக்குப் பிறகு விண்டோஸ் 48 இலக்க ரிகவரி எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளுக்கு வெளியே நீங்களே நிற்க வேண்டியதுதான். எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள். செக்யூர் பூட் போன்ற மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம்.

மாற்றிய பின் சோதிக்கும்போது ரீஸ்டார்ட், ஷட்டவுன் இரண்டையும் செய்து பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு அல்ல; விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துத் தொடர்கிறது. ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்குகிறது. ஒன்றில் அமைதி, இன்னொன்றில் சத்தம் என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

சரி, அமைதி வந்துவிட்டது. ஆனால் எனக்கு முழு மௌனமும் பிடிக்கவில்லை. இந்த ஒலிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. விண்டோஸ் 95-இன் தொடக்க ஒலியை அமைத்தவர் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. சில நொடி இசைக்காக 84 சிறு துண்டுகளை உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஒலிக்கு கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் பணியாற்றினார். 2012-இல் விண்டோஸ் 8 இந்த ஒலியை இயல்பாகவே அணைத்து வைத்தது. 2021-இல் விண்டோஸ் 11 மறுபடி கொண்டுவந்தது. உள்ளே நுழைந்ததும் சின்னதாக, எனக்குப் பிடித்த ஒரு வீணைத் துளி ஒலித்தால் போதும் என்று தோன்றியது.

இது நினைத்ததைவிடப் பெரிய வேலை. தொடக்க ஒலி தனிக் கோப்பாக இல்லை. சிஸ்டத்தின் டிஎல்எல் கோப்பு (செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்பு) ஒன்றுக்குள் பதிந்திருக்கிறது. அதைப் பிரித்து மாற்றும் கருவிகள் உண்டு, ஆனால் சிஸ்டம் கோப்பில் கைவைப்பதை நான் ஏற்கவில்லை. அப்டேட் வந்தால் பழையபடி ஆகிவிடும், நடுவில் ஏதாவது பிசகினால் கணினியே எழாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் எடுத்துக்கொண்டேன். ‘அட் லாக் ஆன்’ என்று ஒரு டாஸ்க். அது விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை அழைத்து, அதிலுள்ள சவுண்ட்பிளேயர் மூலம் என் ஒலியை இசைக்கும். கோப்பு வேவ் வடிவில் இருக்க வேண்டும், எம்பி3 ஆகாது. ‘ப்ளே’ என்ற கட்டளை கொடுத்தால் ஒலி முடிவதற்குள் பவர்ஷெல் மூடிக்கொண்டு இசையையும் நிறுத்திவிடும். ‘ப்ளேசிங்க்’ என்று கொடுத்தால் முடியும்வரை காத்திருக்கும். இன்னொன்று, கண்டிஷன்ஸ் பக்கத்தில் சார்ஜர் மாட்டியிருந்தால் மட்டுமே இயங்கு என்ற டிக் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். பேட்டரியில் ஓடும்போதும் ஒலி வேண்டுமென்றால் அதை எடுத்துவிட வேண்டும். ஒரு கணம் கறுப்பு ஜன்னல் தோன்றி மறைகிறது, எனக்கு அது தொந்தரவாக இல்லை. முக்கியமாக, இந்த ஒலி விண்டோஸின் வால்யூமுக்குக் கட்டுப்படும். இரவில் மியூட் செய்துவிட்டால் காலையில் வாய் திறக்காது.

அக்காவின் மேக்கில் இதே வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், ‘ப்ளே சவுண்ட் ஆன் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்தால் முடிந்தது. 2020-இல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் பதிப்பு முதல் இந்த ஸ்விட்ச் இருக்கிறது. மேசைக் கணினிகளில் கேட்கும் ஒற்றை ‘பீப்’பை மட்டும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். வன்பொருள் சோதனை நல்லபடி முடிந்தது என்று அது சொல்கிறது. ரேம் சரியாக உட்காராமல் திரையே வராத நாளில், பீப் எத்தனை, நீளமா குட்டையா என்பதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியும்.

பயாஸ் அப்டேட் போட்டால் அமைப்புகள் சில நேரம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும், பூட் சவுண்டும் மறுபடி உயிர்பெறலாம். அதனால் அப்டேட்டைப் பகலில் போட்டு, அப்போதே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து கேட்டுவிடுங்கள்.